கோட்டுக்கு வெளியே ஒரு சாண்

ஹோல்பெக் ஊரில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு டெலிபோன் உண்டு. அத்தனை கம்பிகளும் என் வீட்டு முன்னறையில்தான் வந்து முடிகின்றன. யார் யாரோடு பேச வேண்டுமென்றாலும் முதலில் என்னிடம் கேட்க வேண்டும். நான் இணைத்துவிட்டால்தான் பேச்சு. என் வீட்டுக்காரர் நிமோனியாவில் போன பிறகு கம்பெனி இந்த இணைப்புப் பலகையை இங்கே கொண்டுவந்து வைத்தது. பதினோரு வருஷமாக ஊரின் சண்டை, சீக்கு, கல்யாணப் பேச்சு எல்லாம் என் காது வழியாகத்தான் போகின்றன. ஒன்றையும் வெளியே விட்டதில்லை. தோரா வாயைத் திறந்தால் உண்மைதான் வரும், இல்லாவிட்டால் திறக்கவே மாட்டாள் என்று எனக்குப் பேர். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்.

யுத்தம் வந்த பிறகு இந்த வேலையில் இன்னொன்று சேர்ந்துகொண்டது. ராணுவத்திலிருந்து தந்தி வந்தால் ரயில் நிலையத்துக்காரர் அதை எடுத்துக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போகமாட்டார். முதலில் எனக்குப் போன் செய்வார். பெற்றவள் தனியாக இருக்கிறாளா, கூட யாராவது இருக்கிறார்களா என்று கேட்பார். நான் பாதிரியாரையோ பக்கத்து வீட்டுக்காரியையோ ஏதாவது சாக்குச் சொல்லி அங்கே அனுப்பிவைப்பேன். பிறகுதான் தந்தி போகும். மூன்று முறை அப்படிச் செய்திருக்கிறேன். பிள்ளை செத்தது அம்மாவுக்குத் தெரிவதற்கு அரைமணி நேரம் முன்பே எனக்குத் தெரிந்திருக்கும். அந்த அரைமணி நேரத்துக்குள் அந்த அம்மாக்களில் ஒருத்தியே என்னைக் கூப்பிட்டு, மளிகைக் கடைக்கு இணைப்புக் கொடு, சர்க்கரை வந்துவிட்டதா என்று கேட்க வேண்டும் என்றாள். கொடுத்தேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் விக்கோ இத்தாலியில் காலாட்படையில் இருந்தான். சின்னவன் லோவெல் பள்ளிக்கூடத்துப் பேஸ்பால் அணியில் பந்து எறிகிறவன். அவனுக்குப் பதினேழு வயது; அக்டோபரில் பதினெட்டு. ஏப்ரல் மாதம் ஒருநாள் கடற்படையின் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். பதினேழு வயதுப் பையன் சேர வேண்டுமென்றால் பெற்றவர் கையெழுத்து வேண்டும். அப்பா இல்லாததால் என் கையெழுத்து ஒன்றே போதும்.

முடியாது என்றேன்; அக்டோபருக்குள் யுத்தமே முடிந்துவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. மறுநாளும் கேட்டான். மூன்று வாரம் தினமும் கேட்டான். கோபப்படாமல், முகம் சுளிக்காமல், தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டான். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பேன். கடைசியில் ஒரு யுக்தி செய்தேன். மே மாதக் கடைசியில் மார்ட்டன் ஊரோடு மண்டலப் போட்டி இருந்தது. ஒன்பது வருஷமாக நாங்கள் மார்ட்டனை ஜெயித்ததே இல்லை. அந்த வருஷம் பெரிய பையன்களெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால் எங்கள் அணியில் சரியாக ஒன்பதே பேர். அதில் ஒருவன் சோடாபுட்டிக் கண்ணாடி, இன்னொருவனுக்குப் பதினான்கு வயது. மார்ட்டனை ஜெயித்துக் காட்டு, அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன், தோற்றால் பதினெட்டு முடிகிறவரை இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்றேன். ரொம்பச் சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக எனக்கு நினைப்பு. அவன் கையை நீட்டி, ஒரு ஆம்பிளையோடு கைகுலுக்குவதைப் போல என் கையைக் குலுக்கினான்.

ஆட்டம் எங்கள் ஊர் மைதானத்தில்தான் நடந்தது. அது என் வீட்டுக்கு எதிரே, ரோட்டைத் தாண்டினால் வந்துவிடும். நான் எப்போதும் சமையலறை நாற்காலி ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் ஓடுகிறவர்கள் மிதித்துப் போகிற மூன்றாவது பேஸுக்குக் கொஞ்சம் அப்பால், எல்லைக் கோட்டை ஒட்டிப் போட்டு உட்காருவேன். ஆட்டத்தின் மேல் ஆசையினால் இல்லை. அங்கே இருந்தால்தான் வீட்டில் மணியடிப்பது காதில் விழும். மணியடித்தால் ஓடவேண்டும், பேசி முடித்துத் திரும்ப ஓடிவர வேண்டும்.

அன்றைக்குப் பெட்ரோல் ரேஷனையும் பார்க்காமல் மார்ட்டனிலிருந்து இரண்டு லாரி நிறைய ஜனம் வந்திருந்தது. பூவா தலையா போட்டதில் கடைசியாக அடிக்கிற வாய்ப்பு அவர்களுக்குப் போனது. நடுவர் ஒரே ஒருவர், முடிதிருத்துகிற ஓடிஸ். முன்பு மூன்று பேர் இருந்தார்கள். ஒருவன் பசிபிக்கில், ஒருவன் வெடிமருந்துத் தொழிற்சாலையில். மிச்சம் ஓடிஸ். அவருக்கு அறுபத்தெட்டு வயது, கத்தரிக்கோல் பிடிக்கிற அளவுக்குத்தான் கண் தெரியும். கோடு போடச் சுண்ணாம்பு கிடைக்காததால் மண்வெட்டிக் காம்பால் தரையில் கீறிவைத்திருந்தார்கள்.

லோவெல் அன்றைக்கு எறிந்த மாதிரி நான் பார்த்ததில்லை. மற்ற அம்மாக்கள் கைதட்டுகிறார்கள், நானும் கூடத் தட்டுகிறேன், உள்ளுக்குள்ளே தோற்றுப் போடா என்று வேண்டிக்கொள்கிறேன். பெற்றவள் வேண்டிக்கொள்கிற வேண்டுதலா இது? ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

கடைசிச் சுற்று. நாங்கள் மூன்று, அவர்கள் இரண்டு. இன்னும் ஒரே ஒருவனை வீழ்த்தினால் ஆட்டம் எங்களுடையது. ஆனால் அவர்களுடைய ஆட்கள் இரண்டு பேர் இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஓடத் தயாராக நின்றார்கள். அடிக்க வந்தவன் ஆர்வில் என்கிற தடியன்; பன்றிப் பண்ணைக்காரன் மகன், தோள் இரண்டும் கதவு அகலம். லோவெல் எறிந்ததில் இரண்டை அவன் அடிக்கத் தவறி இரண்டு ஸ்டிரைக் ஆகிவிட்டது. மூன்றாவது விழுந்தால் முடிந்தது.

லோவெல் எறிந்தான். ஆர்வில் ஓங்கி அடித்தான். பந்து தாழப் பறந்து, மூன்றாவது பேஸைக் காத்து நின்ற எங்கள் பையன் டுவெய்ன் தாவியும் கைக்கு எட்டாமல், என் நாற்காலிக்கு நேர் முன்னால் தரையில் விழுந்து எகிறியது. டுவெய்னும் இன்னொருவனும் அதன் பின்னால் விழுந்தடித்து ஓடியதில் பந்து பட்ட தடமே அழிந்துபோயிற்று. அதற்குள் அவர்கள் ஆட்கள் இரண்டு பேரும் ஓடிவந்து சேர்ந்துவிட்டார்கள். கோட்டுக்கு உள்ளே விழுந்திருந்தால் அந்த இரண்டு ஓட்டமும் செல்லும், நாங்கள் தோற்றோம். வெளியே விழுந்திருந்தால் அந்த அடியே செல்லாது, லோவெல் மறுபடி எறியலாம்.

ஓடிஸ் பந்து படாமலிருக்கப் போட்டிருந்த முகமூடியைக் கழற்றிவிட்டு நின்றார். புழுதியில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே கூச்சல். அவர் மெல்ல நடந்து என்னிடம் வந்தார். மார்ட்டன் பயிற்சியாளரும் கூடவே வந்தார். தோரா சொல்வது எனக்குச் சம்மதம், உங்களுக்கு எப்படி என்று ஓடிஸ் அவரைக் கேட்டார். அந்த அம்மா பையன் உங்க பக்கம் ஆடறான், ஆனா அந்த அம்மாவைப் பத்தி எங்க ஊர்லயும் தெரியும், எனக்குச் சம்மதம் என்றார் அவர்.

"தோரா, நீ சொல்லு. உள்ளேயா, வெளியேயா?"

நான் பார்த்தேன். என் கண்ணில் கோளாறில்லை. பந்து வெளியேதான் விழுந்தது. லோவெல் அங்கிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் சந்தோஷம். வெளியே என்று அவனுக்கும் தெரிந்திருந்தது, அம்மா சொல்லிவிடுவாள் என்றும் தெரிந்திருந்தது. எனக்கு அந்த நேரத்தில் ரயில் நிலையத்துக்காரருடைய குரல்தான் காதில் கேட்டது.

"உள்ளே" என்றேன்.

மார்ட்டன்காரர்கள் தொப்பிகளை வீசிக் குதித்தார்கள். எங்கள் பையன்களில் இரண்டு பேர் உட்கார்ந்து அழுதார்கள். டுவெய்ன் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். லோவெல் அவன் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பி ஏதோ சொன்னான். பிறகு வரிசையில் போய் மார்ட்டன் பையன்கள் எல்லாருக்கும் கைகொடுத்துவிட்டு வந்து, என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என்னோடு நடந்தான். வாசலில் நாற்காலியை இறக்கினான்.

"ஒரு சாண் வெளியே விழுந்ததும்மா" என்றான். அவ்வளவுதான். உள்ளே போய்க் கைகால் கழுவிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் மார்ட்டன் ஊர் டெலிபோன்காரி பெர்னிஸ் என்னைக் கூப்பிட்டாள். ஏழு வருஷமாகத் தினம் பேசுகிறோம், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததில்லை. எங்க ஊர் பூரா உன் பேச்சுதான், சொந்தப் பிள்ளைக்கு எதிரா நியாயம் சொன்ன பொம்பளை என்று கொண்டாடுகிறார்கள் என்றாள். நான் போனை வைத்துவிட்டு அடுப்பங்கரையில் போய்ச் சும்மா நின்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். பாதிரியார் பிரசங்கத்தில் என்னை வைத்து முழுசாகப் பத்து நிமிஷம் பேசினார். பேர் சொல்லவில்லை, ஆனால் ஜனம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. மத்தியானத்துக்குள் என் வீட்டுக்கு, ருபார்ப் தண்டையும் சர்க்கரையையும் மாவுக்குள் வைத்துச் சுடுகிற ‘பை’ பலகாரம் மூன்று வந்து சேர்ந்தது. சர்க்கரை ரேஷனில் இருக்கிற காலத்தில் மூன்று! ஒரு பொய் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டால் திட்டு வாங்கித் தொலைக்கலாம். பொய் சொல்லிவிட்டுப் பாராட்டு வாங்குவது இருக்கிறதே, அந்தப் பாவம் எதிரிக்கும் வேண்டாம்.

மூன்று மணி வாக்கில் டுவெய்ன் வந்தான். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு வாசலிலேயே நின்றான். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"மிஸஸ் யெஸ்பர்சன், நேத்து உங்களைத் தப்பா நெனச்சிட்டேன். வெளியேதான் விழுந்ததுன்னு எனக்கு நல்லாத் தெரிஞ்ச மாதிரி இருந்தது. லோவெல்தான் சொன்னான், நான் பார்த்தது தப்பு, உள்ளேதான் விழுந்ததுன்னு. மன்னிச்சிடுங்க."

கையில் ஒரு துண்டு பை பலகாரத்தைக் கொடுத்து அனுப்பினேன். சரியாகப் பார்த்த பையன் என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறான். அதற்காக என் பிள்ளை தன் சிநேகிதனிடம் பொய் சொல்லியிருக்கிறான்.

லோவெல் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை, அவன் மேலேயே காட்டினேன். ஏன் சும்மா இருந்தாய், அங்கேயே எங்கம்மா பொய் சொல்கிறாள் என்று கத்தியிருக்கலாமே என்றேன். ஊருக்கு நடுவிலே உன்னை எப்படிம்மா சொல்வேன் என்றான். அப்படி என்னடா உனக்கு அந்தக் கப்பல் மேல் மோகம், அண்ணன் ஒருத்தன் போனது போதாதா என்று கேட்டேன்.

அவன் தட்டைக் கீழே வைத்தான். மாடிக்குப் போய் ஒரு கடிதத்தை எடுத்துவந்து கொடுத்தான். விக்கோவின் கையெழுத்து. பள்ளிக்கூட முகவரிக்கு வந்திருந்தது, வீட்டுக்கு இல்லை. ஊருக்கெல்லாம் வருகிற சேதி என் கையைத் தாண்டித்தான் போகும் என்று இறுமாந்திருந்தேன். என் சொந்தப் பிள்ளைகள் என்னைத் தாண்டிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

விக்கோ எழுதியிருந்தான்: பதினெட்டு ஆகிவிட்டால் ராணுவத்தில் கட்டாயமாக எடுத்துக்கொள்வார்கள், உன்னைக் கேட்கமாட்டார்கள், எங்கே அனுப்ப வேண்டுமோ அங்கே அனுப்புவார்கள், இப்போது எல்லாரையும் காலாட்படைக்குத்தான் அனுப்புகிறார்கள். நான் இருக்கிற இடத்துக்கு நீ வரக்கூடாது. பதினேழிலேயே கடற்படையில் சேர்ந்துவிடு. கப்பலில் படுக்கை உண்டு, சுடுசோறு உண்டு. இங்கே நாங்கள் மண்ணைத் தோண்டி அதில் படுக்கிறோம், தண்ணீர் ஊறுகிறது. என்னோடு வந்த பதினாலு பேரில் நாலு பேர் மிச்சம். அம்மாவிடம் இதைச் சொல்லாதே, அவள் தினம் வேலை பார்க்க வேண்டும்.

"உங்கிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா விக்கோ எப்படி இருக்கான்னு உனக்குத் தெரிஞ்சிடும்" என்றான் லோவெல்.

நான் அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து எங்கே தள்ளிவிடப் பார்த்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. கடலிலும் சாவு உண்டு, அது எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் விண்ணப்பத்தை எடுத்துவரச் சொன்னேன். பேனாவில் மை தொட்டு, தோரா யெஸ்பர்சன் என்று முழுப் பேரையும் எழுதினேன். மை காயும்வரை ஊதிவிட்டு அவனிடம் நீட்டினேன்.

மறுநாள் திங்கட்கிழமை. தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்கு நான் ஒரு நீள மணி அடிப்பேன்; ஊரில் உள்ள அத்தனை டெலிபோனும் ஒன்றாக மணியடிக்கும். எல்லாரும் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். மழை வருமா, பன்றி என்ன விலை போகிறது என்று படிப்பேன். அன்றைக்கு மார்ட்டன் இணைப்பையும் சேர்த்துச் செருகி, பெர்னிஸையும் கேட்கச் சொன்னேன். வானிலை படித்தேன். பன்றி விலை படித்தேன். பிறகு காகிதத்தைக் கீழே வைத்தேன்.

"இன்னொரு விஷயம். சனிக்கிழமை அந்தப் பந்து வெளியேதான் விழுந்தது. நல்லாப் பார்த்தேன், பார்த்துட்டே பொய் சொன்னேன். ஆட்டம் ஜெயிச்சா எம்மவன் கடற்படைக்குப் போயிடுவான்னு பயந்து சொன்னேன். டுவெய்ன் பார்த்ததுதான் சரி. பை பலகாரம் கொடுத்தவங்க வந்து பாத்திரத்தை வாங்கிட்டுப் போங்க, பலகாரம் தீந்துபோச்சு. அவ்வளவுதான்."

நூறு வீடுகளில் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. ஒருத்தரும் போனை வைக்கவில்லை. சர்க்கரை வந்துவிட்டதா என்று அன்றைக்குக் கேட்டாளே, அவள் குரல்தான் முதலில் வந்தது. நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், தோரா என்றாள். அதன் பிறகு எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. கம்பிகளையெல்லாம் பிடுங்கிவிட்டு அழுதேன்.

ஒரு மணி நேரத்தில் பெர்னிஸ் கூப்பிட்டாள். அவர்கள் பயிற்சியாளர் முதலில் வாய்க்கு வந்தபடி திட்டினாராம். அப்புறம், ஓசியில் வந்த ஜெயிப்பு எங்கள் பையன்களுக்கு வேண்டாம், விட்ட இடத்திலிருந்து ஆடுவோம் என்றாராம். அதே மூன்றுக்கு இரண்டு, அதே ஆட்கள் அதே பேஸ்களில், ஆர்விலுக்கு இரண்டு ஸ்டிரைக். புதன்கிழமை நாலு மணி. இந்த வாட்டி உன் நாற்காலியை வீட்டிலேயே வெச்சிட்டு வா என்று ஒரு குத்தலும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

சோளம் விதைப்பு முடியாத நேரம். ஆனாலும் இரண்டு ஊரும் திரண்டு வந்தது, ஒரே ஒரு பந்தைப் பார்க்க. சனிக்கிழமையைவிடக் கூட்டம் அதிகம். யாரும் என்னிடமிருந்து விலகி நிற்கவில்லை, கிட்டே வந்து தட்டிக்கொடுக்கவும் இல்லை. பெர்னிஸை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். குரலை வைத்து நான் நினைத்ததில் பாதி உயரம்தான் இருந்தாள். அதைச் சொன்னேன்; உன்னையும்தான் நான் குண்டுன்னு நெனச்சிருந்தேன் என்றாள் அவள். இரண்டு பேரும் நின்றுகொண்டே பார்த்தோம்.

நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. என் பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, காலைத் தூக்கி, முழு உடம்பையும் போட்டு எறிந்தான். அந்தக் கணத்தில், கடவுள் சாட்சியாக, அவன் ஜெயிக்க வேண்டும் என்று நான் வாய்விட்டுக் கத்தினேன்.

ஆர்வில் அடித்தான். பந்து மைதானத்துக்கு நேர் நடுவாகப் பறந்து, எல்லார் தலையையும் தாண்டி விழுந்தது. யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேர் ஓடிவந்தார்கள். நாலுக்கு மூன்று, மார்ட்டன். எங்கள் பையன்கள் இந்த முறை அழவில்லை. ஆர்வில் வந்து லோவெலைக் கட்டித் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டான்.

லோவெல் என்னிடம் வந்தான். முகமெல்லாம் புழுதி. தொப்பியைக் கழற்றி, அதற்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தான். விண்ணப்பம். திங்கட்கிழமையே தபாலில் போட்டிருப்பான் என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஆட்டம் முடியட்டும்னு வச்சிருந்தேம்மா. ஜெயிச்சாத்தான் கையெழுத்துன்னு பேச்சு. தோத்துட்டேன்" என்று அதை என்னிடம் நீட்டினான்.

வாங்கிக்கொண்டேன். பிரித்தேன். வியர்வை ஊறி, என் பேரின் பாதி நீலமாகக் கரைந்து கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எந்த அலுவலகத்திலும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். பேசாமல் இருந்தால் போதும். எதற்காக ஊர் முன்னால் பொய் சொன்னேனோ அது இப்போது நியாயமாகவே என் கைக்கு வந்திருந்தது. அவன் ஒரு வார்த்தை கேட்கமாட்டான். அக்டோபர் வரைக்கும் என் வீட்டில் இருப்பான், என் கண் முன்னால் சாப்பிடுவான். அதற்குப் பிறகு ராணுவத்துக்காரர்கள் அவனைக் கேட்கமாட்டார்கள்.

காகிதத்தை மடித்து அவன் தொப்பிக்குள்ளேயே வைத்து, தொப்பியை அவன் தலையில் வைத்து அழுத்தினேன்.

"கையெழுத்து கலைஞ்சிருக்குடா" என்றேன். "வீட்டுக்கு வா, காஞ்சதும் மேலேயே இன்னொரு தரம் போட்டுத் தர்றேன்."